ரேடியேட்டரில் தொடங்கிய கணக்கு: பதினோரு வயது செடான் ஒன்றின் நான்காண்டு நிகழ்வு ஆய்வு

2010 ஜூலையில் சென்னையில் பதிவான, 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியரும் கொண்ட ஒரு செடானை, 2021 ஆகஸ்டில் திருச்சியில் பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு கார் கன்சல்டிங் மூலம் ரூ. 1,85,000 கொடுத்து வாங்கினேன். அப்போது ஓடோமீட்டரில் 1,18,400 கி.மீ. இருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் நான் மூன்றாவது உரிமையாளர். பெயர் மாற்றத்துக்கு ரூ. 4,500 ஆனது. அன்று முதல் 2025 ஆகஸ்டு வரை 48,500 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். ஒரு பல்பு மாற்றியது உட்பட எல்லாச் செலவையும் ஒரு நோட்டில் தேதியோடும் கிலோமீட்டரோடும் எழுதி வந்ததால்தான் இந்த ஆய்வை எழுத முடிகிறது. நான்கு ஆண்டுகளில் பழுதுக்கும் பராமரிப்புக்கும் ஆன தொகை ரூ. 1,96,500. வாங்கிய விலையைவிட இது அதிகம். இந்தத் தொகையில் எவ்வளவு காரின் வயதுக்காகப் போனது, எவ்வளவு முந்தைய உரிமையாளர்கள் தள்ளிப்போட்ட வேலைகளுக்காகப் போனது, எவ்வளவு என் தவறான முடிவுகளால் போனது என்று பிரித்துப் பார்ப்பதே என் நோக்கம். காரைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. கீழே வரும் பழுதுகள் அநேகமாக அந்த வயதுள்ள எந்த செடானிலும் வரக்கூடியவை.

வாங்கும்முன் நான் என்ன பார்த்தேன், எதைப் பார்க்கத் தவறினேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சென்னைப் பதிவெண் என்றதுமே என் கவனமெல்லாம் 2015 டிசம்பர் வெள்ளத்தின் மீது போய்விட்டது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து நாடாவில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்த்தேன். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் மண் படிந்திருக்கிறதா என்று தடவினேன். முன் சீட்டுகளின் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. டயர்களில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) நன்றாக இருந்ததைக் கண்டு மகிழ்ந்தேனே தவிர, பக்கவாட்டில் இருந்த நான்கிலக்க எண்ணைப் படிக்கவில்லை. அது 1614 என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் பார்த்தேன். 2014-ஆம் ஆண்டின் பதினாறாவது வாரத்தில் தயாரான டயர்கள், ஏழு வயது முடிந்தவை. எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சின் ஆறியிருந்தும் ரேடியேட்டர் மூடியை நான் திறந்து பார்க்கவில்லை. வெள்ளத்தைத் தேடிப் போனவன் தண்ணீரைப் பார்க்கவில்லை என்று இப்போது வீட்டில் கேலி செய்கிறார்கள்.

இந்தக் காரில் வெப்பமானி முள் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டேஷ்போர்டில் ஒரு நீல விளக்கு எரியும். நீர் சூடேறியதும் அணைந்துவிடும். அளவுக்கு மீறிச் சூடானால் சிவப்பு விளக்கு வரும். நம் ஊர் வெயிலில் காலையில் எடுத்து மூன்று நான்கு நிமிடம் ஓட்டினால் நீல விளக்கு அணைந்துவிட வேண்டும். என் காரில் அது நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் ஓட்டிய பிறகும் எரிந்துகொண்டிருந்தது. சில நாள் அணைந்து, வேகம் பிடித்ததும் மறுபடி எரிந்தது. குளிர்ச்சியாக ஓடுகிறது, நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். பெட்ரோல் மட்டும் லிட்டருக்கு 9.5 கி.மீ.க்கு மேல் தரவில்லை. பழைய வண்டி அப்படித்தான் குடிக்கும் என்று தேற்றிக்கொண்டேன். செப்டம்பரில் ஏ.சி. போதவில்லை என்று கேஸ் நிரப்பினேன், ரூ. 2,200. நெடுஞ்சாலையில் ஏ.சி. நன்றாக இருந்தது, ஊருக்குள் சிக்னலில் நின்றால் வெறுங்காற்று. இந்த மூன்று அறிகுறிகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

டிசம்பரில் ஒரு மாலை, பால்பண்ணை ரவுண்டானாவில் நெரிசலில் நின்றபோது சிவப்பு விளக்கு வந்தது. எஞ்சினை உடனே அணைத்துவிட்டு, ஓரமாகத் தள்ளி, பானட்டைத் தூக்கினேன். ரேடியேட்டர் மின்விசிறி ஓடவில்லை. முக்கால் மணி நேரம் ஆறவிட்டு மூடியைத் திறந்தால், பச்சையோ சிவப்போ நிறத்தில் கூலன்ட் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் குட்டைத் தண்ணீர் போல ஒன்று இருந்தது. உள்ளே விரலை விட்டால் துருப்பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தால் அதன் உட்புறத்தில் தயிர் ஏடு போல வெண்பழுப்பு நிறப் பிசுக்கு.

மறுநாள் பார்த்த முதல் பட்டறையில் அந்தப் பிசுக்கைக் கண்டதுமே, ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டது, ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது, ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து மட்டம் எடுக்க வேண்டும், ரூ. 38,000 ஆகும் என்றார்கள். இது பொய் என்று சொல்லமாட்டேன். சூடாகி நின்ற வண்டி, மூடியில் பிசுக்கு என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பலரும் வரும் முடிவு அதுதான். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கும் கருவி எதையும் அவர்கள் எடுக்கவில்லை என்பதே என்னைத் தயங்கவைத்தது. வண்டியைப் பாலக்கரைப் பக்கத்தில் இருந்த ஒரு சிறு பட்டறைக்கு இழுத்துச் சென்றேன்.

அங்கிருந்த மெக்கானிக் செய்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த நிகழ்விலேயே கற்றுக்கொள்ளத்தக்க பகுதி அதுதான். முதலில் நான்கு பிளக்குகளையும் கழற்றி கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் உண்டாகும் அழுத்தம், பார்த்தார்: 172, 170, 168, 171 பி.எஸ்.ஐ. கேஸ்கெட் எரிந்திருந்தால் பெரும்பாலும் ஒரு சிலிண்டரிலோ அடுத்தடுத்த இரண்டிலோ அளவு தனித்து விழுந்திருக்கும். பிறகு ஆயில் அளவுகோலை உருவிப் பார்த்தார். அதில் இருந்த ஆயில் கறுப்பாக இருந்ததே ஒழியக் கலங்கவில்லை. பிசுக்கு மூடியில் மட்டும்தான். அப்படியென்றால் தண்ணீர் உள்ளே கசிந்து வந்ததல்ல. எஞ்சின் போதிய சூடு ஏறாமலே ஓடியதால், எரிப்பில் உண்டாகும் நீராவி வெளியேற வழியில்லாமல் மேலே குளிர்ந்து ஆயிலோடு கலந்து படிந்தது. பிறகு ஸ்கேனரை மாட்டி என்னையும் உட்காரவைத்து புறவழிச்சாலையில் ஒரு சுற்று ஓட்டினார். 80 கி.மீ. வேகத்தில் நீரின் வெப்பம் 58-க்கும் 64 டிகிரி செல்சியஸுக்கும் நடுவே நின்றது. இருக்க வேண்டியது 85 முதல் 95 வரை. திரும்பி வந்து, நீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் இருக்கும் மூடியின் இரண்டு போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. யாரோ எப்போதோ அதை எடுத்து எறிந்திருக்கிறார்கள்.

"நெறைய பேரு இப்படித்தான் சார் பண்ணுவாங்க. நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குன்னு கழட்டிருவாங்க. ஃபேனையும் பாருங்க, டைரக்ட் பண்ணி விட்டிருக்காங்க" என்றார்.

விசிறியின் ஒயரைத் தொடர்ந்து போனால், தேவைப்படும்போது மட்டும் அதை ஓடவைக்கும் ரிலேவையும் சென்சாரையும் தாண்டி, சாவி போட்டதும் ஓடும்படி இணைக்கப்பட்டிருந்தது. சில நாள் கழித்து டேஷ்போர்டு பெட்டியில் பழைய காகிதங்களைக் கிளறியபோது சென்னைப் பட்டறை ஒன்றின் 2017-ஆம் ஆண்டு ரசீது கிடைத்தது: 71,300 கி.மீ.யில், "ஃபேன் டைரக்ட், தெர்மோஸ்டாட் நீக்கம், லேபர் ரூ. 350". ஆக அந்த எஞ்சின் ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்கும் மேலாக இப்படியே ஓடியிருக்கிறது.

இந்த இரண்டு சிறு வேலைகளும் எப்படிப் பெரிய செலவாக வளர்ந்தன என்பதை விளக்குவது எளிது. தெர்மோஸ்டாட் என்பது நீர் சுமார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும்வரை ரேடியேட்டர் வழியை அடைத்து வைக்கும் மெழுகு வால்வு. அதை எடுத்துவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே நீர் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்துகொண்டே இருக்கும். நீர் குளிராக இருப்பதாக சென்சார் சொன்னால், எஞ்சின் கணினி காலையில் முதன்முதலாக எடுக்கும்போது தருவது போலவே பெட்ரோலைக் கூடுதலாகத் தரும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். தெர்மோஸ்டாட் இல்லை என்றால் வண்டி சூடேறாது என்ற நம்பிக்கையும் முழு உண்மையல்ல. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே, ரேடியேட்டரைத் தொடாமல் நீர் சுற்றும் பைபாஸ் வழியை அடைக்கும். அதை எடுத்துவிட்டால் சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். நெடுஞ்சாலையில் அளவுக்கு மீறிக் குளிர்வதும், நெரிசலில் அளவுக்கு மீறிச் சூடாவதும் ஒரே காரில் நடப்பது அதனால்தான். விசிறியை டைரக்ட் செய்தால் தேவையில்லாத நேரத்திலும் ஓடி அதன் மோட்டார் கார்பன் தேய்ந்து சீக்கிரம் போகும். என் காரில் அதுதான் பால்பண்ணையில் உயிரை விட்டது. ஏ.சி. கண்டென்சருக்கான இரண்டாவது விசிறி அதற்கும் நெடுநாள் முன்பே இறுகிப் போயிருந்தது. சிக்னலில் நிற்கும்போது ஏ.சி. வெறுங்காற்று அடித்ததற்கு அதுவே காரணம். செப்டம்பரில் நான் நிரப்பிய கேஸ் அந்த நோய்க்கான மருந்தே அல்ல.

2022 ஜனவரியில், 1,22,900 கி.மீ.யில், குளிரூட்டும் பகுதி முழுவதையும் ஒரே நேரத்தில் மாற்றினோம். ரேடியேட்டர் ரூ. 6,800, இரண்டு விசிறி மோட்டார் ரூ. 3,900, வாட்டர் பம்ப் ரூ. 3,600, மேல், கீழ், பைபாஸ் ஹோஸ்கள் ரூ. 2,300; தெர்மோஸ்டாட் ரூ. 1,450, கூலன்ட் ரூ. 1,200, ரிலேயும் ஒயரிங்கும் ரூ. 900, மூடி ரூ. 350, கூலி ரூ. 4,000. மொத்தம் ரூ. 24,500. விசிறியையும் தெர்மோஸ்டாட்டையும் மட்டும் போட்டால் ஏழாயிரத்தில் முடித்திருக்கலாம்தான். ஆனால் கழற்றிய வாட்டர் பம்பின் இறக்கைகளைத் துரு அரித்திருந்தது. ஐந்தாண்டு வெறும் தண்ணீர் ஓடிய ரேடியேட்டரில் புதிய கூலன்ட் ஊற்றினால் அடைத்திருந்த துரு கரைந்து கசிவு தொடங்கும் என்றார் மெக்கானிக். அந்த வாதத்தை நான் ஏற்றேன், இன்றும் ஏற்கிறேன். மூடியைப் பலர் அற்பமாக நினைப்பார்கள். உள்ளே அழுத்தத்தை நிறுத்தி, நீரின் கொதிநிலையை 100 டிகிரிக்கு மேல் உயர்த்துவது அந்த 350 ரூபாய்ப் பொருள்தான். வேலை முடிந்த மறுநாள் நீல விளக்கு நான்காவது நிமிடத்தில் அணைந்தது. மறு மாதமே பெட்ரோல் லிட்டருக்கு 13.6 கி.மீ. தந்தது. அதற்கு முன் ஓடிய 4,500 கி.மீ.யில் மட்டும் ஏறத்தாழ 140 லிட்டர், அதாவது ரூ. 14,000-க்கு மேல், வீணாகப் போயிருந்தது என்பதை அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஏ.சி. விஷயம் அதோடு முடியவில்லை. மார்ச்சில் மறுபடி குளிர்ச்சி குறைந்தது, மறுபடி ரூ. 2,200-க்குக் கேஸ். இது முழுக்க என் அவசரம். ஏ.சி.யில் நிரப்பும் ஆர்-134ஏ கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருளல்ல. ஆறு மாதத்தில் குறைந்தால் கசிகிறது என்றுதான் அர்த்தம். மே மாதம் டேஷ்போர்டைப் பிரித்துப் பார்த்தபோது கூலிங் காயிலின் அடிப்பகுதியில் ஆயில் கறை படிந்திருந்தது. பத்தாண்டு ஈரமும் தூசியும் அலுமினியத்தை அரித்திருந்தன. காயில், எக்ஸ்பான்ஷன் வால்வு, கூலி, கேஸ் எல்லாம் சேர்த்து ரூ. 9,600. முதலிலேயே கசிவுச் சோதனை செய்திருந்தால் இரண்டு முறை நிரப்பிய ரூ. 4,400 மிஞ்சியிருக்கும்.

முதல் ஆண்டின் மற்ற பெரிய செலவுகள் டயரும் சஸ்பென்ஷனும். நான்கு டயர்களுக்கு அலைன்மென்ட் சேர்த்து ரூ. 22,600. சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் இரண்டு, லிங்க் ராடு, முன் ஷாக் அப்சார்பர்கள், அவற்றின் மவுண்ட், பின் புஷ் எல்லாம் ரூ. 26,800. ரப்பருக்கு கிலோமீட்டரைவிட வயது முக்கியம் என்பதற்கு இந்தப் புஷ்களே சாட்சி; கழற்றிய லோயர் ஆர்மின் புஷ் வறண்ட களிமண் போல வெடித்து, விரலால் நெம்பினாலே பெயர்ந்து வந்தது. வேகத்தடையில் வந்த 'டொக்' சத்தம் ஷாக் அப்சார்பரிலிருந்து வருவதாக எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது ரூ. 900 லிங்க் ராடு. பேட்டரி ரூ. 4,900, வாங்கியதும் செய்த முதல் சர்வீஸ் (ஆயில், ஃபில்ட்டர்கள், பிளக்குகள், பிரேக் ஆயில்) ரூ. 8,700, ஏ.சி. மொத்தம் ரூ. 14,000. முதல் ஆண்டில் மட்டும் ரூ. 1,01,500.

அடுத்த மூன்று ஆண்டுகளில் மொத்தமாகவே ரூ. 95,000தான் ஆனது, அதாவது ஆண்டுக்கு முப்பத்திரண்டாயிரத்துக்குள். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் கூலியோடு ரூ. 17,400. கியர்பாக்ஸை இறக்கியபோதே கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும், வால்வ் கவர் பேக்கிங்கையும் மாற்றியது ரூ. 3,800, சீலின் விலை சொற்பம், ஆனால் பிறகு அதற்கென்று தனியாக இறக்கினால் கூலி மறுபடி முழுதாகும். எஞ்சின் மவுண்டிங் மூன்று ரூ. 9,300. பிரேக் பேடும் பின் ஷூவும் ரூ. 7,600. வீல் பேரிங் இரண்டு ரூ. 5,200. ஆல்டர்னேட்டர் பழுது ரூ. 4,200. பெட்ரோல் ஹோஸ்களும் டேங்க்கினுள் இருக்கும் ஃபில்ட்டரும் ரூ. 6,900. ஐந்து சர்வீஸ்கள் ரூ. 21,500. கண்ணாடி ஏற்றும் மோட்டார், சென்ட்ரல் லாக், வைப்பர் போன்ற சில்லறைகள் ரூ. 8,100. எஃப்.சி. (பதிவைப் புதுப்பிக்கும் ஆய்வு) போவதற்கு முன்பு, கதவுக்கடியில் இருந்த துருவுக்கு டிங்கரிங்கும் பெயிண்டும் ரூ. 11,000. டைமிங் செயின் உள்ள எஞ்சின் என்பதால் டைமிங் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. பெல்ட் உள்ள காராக இருந்து மாற்றிய ரசீதும் இல்லை என்றால், வாங்கிய வாரமே அதை மாற்றியிருப்பேன்.

பெட்ரோல் ஹோஸ்களை மாற்றியது 2024-இல், கசிவு வரும்முன்னரே. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இனி பங்க்குகளில் என்பது உறுதியாகிவிட்டிருந்தது. 2010-இல் வந்த கார் அந்த அளவுக் கலப்பை எண்ணி வடிவமைக்கப்பட்டதல்ல. பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பவோ வெடிக்கவோ கூடும். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சீரமைக்கப்பட்ட நான்கு சக்கர வாகனங்களில் 20 சதவீதக் கலப்பால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று மதிப்பிட்டது. என் நோட்டில் 2023-இல் 13.8 என்று இருந்த சராசரி 2025-இல் 12.9 என்று ஆகியிருக்கிறது. இதே காலத்தில் எஞ்சின் ஆயில் குடிக்கவும் தொடங்கிவிட்டதால், முழுப் பழியையும் எத்தனால் மீது போட நான் தயாரில்லை.

காகிதச் செலவுகள் சிறியவை, ஆனால் தேதி தவறினால் வலிக்கும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டு. அதன்பின் படிவம் 25 மூலம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மக்கள் இதையே எஃப்.சி. என்கிறார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் காருக்கான புதுப்பித்தல் கட்டணம் ரூ. 5,000, தாமதித்தால் மாதத்துக்கு ரூ. 500. 2025 ஆகஸ்டில் இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு இதை ரூ. 10,000 ஆக்கிவிட்டார்கள், ஆகவே இந்தக் கார் 2030-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு வேறு. பதினைந்து ஆண்டு முடிந்த பெட்ரோல் கார் ஓடவே கூடாது என்ற டெல்லி விதியும் இதுவும் ஒன்று என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆய்வாளர் வண்டி தகுதியாக இருக்கிறது என்று ஒப்பினால் புதுப்பிக்கலாம். ஆய்வுக்குச் சென்ற அன்று விளக்குகளையும் பிரேக்கையும் பார்த்ததைவிட, சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் படி எடுக்கத்தான் அதிக நேரம் ஆனது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துத் துடைத்து, கடைசி இரண்டு இலக்கங்கள் மூன்றாவது முறைதான் தாளில் விழுந்தன. கட்டணம், பசுமை வரி, புகைச் சான்று, அலைச்சல் எல்லாம் ரூ. 8,750.

காப்பீட்டில் முதல் ஆண்டு முழுக் காப்பீடு ரூ. 7,900. அதன்பின் மூன்றாம் தரப்புக் காப்பீட்டோடு நிறுத்திவிட்டேன். 1,000 சி.சி.க்கு மேல் 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு 2022 ஜூன் முதல் அதன் அடிப்படைப் பிரீமியம் ரூ. 3,416, உரிமையாளர் விபத்துக் காப்பும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து ஆண்டுக்கு ரூ. 4,450. இந்த முடிவுக்குக் காரணம் தேய்மானக் கழிவு. பத்து வயது கடந்த காரில் உலோகப் பாகங்களுக்கே பாதி விலையைக் கழித்துவிட்டுத்தான் இழப்பீடு தருவார்கள். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு எந்த வயதிலும் பாதிதான். பம்பர் உடைந்தால் கையிலிருந்து கட்டிவிடலாம் என்று துணிந்தேன். கார் திருடுபோனால் இந்தத் துணிச்சல் மடமையாகிவிடும் என்பதும் தெரியும்.

மொத்தக் கணக்கு இப்படி நிற்கிறது. 48,500 கி.மீ.க்குப் பெட்ரோல் சுமார் 3,730 லிட்டர், ரூ. 3,81,000. பழுதும் பராமரிப்பும் ரூ. 1,96,500. காப்பீடும் காகிதமும் ரூ. 30,000. இன்று விற்றால் கன்சல்டிங்கில் ரூ. 1,05,000 தருவதாகச் சொல்கிறார்கள், ஆகவே பெயர் மாற்றச் செலவும் சேர்த்து விலைச் சரிவு ரூ. 84,500. கூட்டினால் ரூ. 6,92,000, கிலோமீட்டருக்கு ரூ. 14.27. வெளியூருக்கு டிராப் டாக்ஸி எடுத்தால் செடானுக்குக் கேட்கும் 13, 14 ரூபாயும் ஓட்டுநர் பேட்டாவும் இதே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. இரவு பதினொரு மணிக்கு அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் வசதிக்கு விலை போட எனக்குத் தெரியாததால், இந்த ஒப்பீட்டை இதற்கு மேல் நீட்டவில்லை.

பிரித்துப் பார்த்தால், முதல் ஆண்டின் ரூ. 1,01,500-இல் டயர், பேட்டரி, சஸ்பென்ஷன் ஆகியவற்றுக்கான ரூ. 54,300 வயதின் செலவு. யார் வாங்கியிருந்தாலும் வந்திருக்கும், வாங்கும்போதே விலையில் பேசிக் குறைத்திருக்க வேண்டியது. குளிரூட்டும் பகுதியின் ரூ. 24,500-உம் வீணான பெட்ரோல் ரூ. 14,000-உம் 2017-இல் யாரோ ரூ. 1,450 மிச்சம் பிடித்ததன் பாக்கி. என் அவசரத்துக்கு ஆன நேரடிச் செலவு கேஸுக்குக் கொடுத்த ரூ. 4,400 மட்டுமே, ஆனால் நீல விளக்கைக் கண்டும் நான்கு மாதம் சும்மா இருந்ததால், அந்தப் பெட்ரோல் பாக்கியிலும் பெரும்பங்கு என்னுடையதுதான். இப்போது யாருக்காவது பழைய செடான் பார்க்கப் போனால், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வரச் சொல்கிறேன். ரேடியேட்டர் மூடியை என் கையால் திறக்கிறேன். சாவி போட்டதுமே விசிறி ஓடினால் விற்பவர் என்ன சொன்னாலும் இருபத்தைந்தாயிரம் குறைத்துத்தான் பேச்சைத் தொடங்கச் சொல்கிறேன். ஆறிய எஞ்சினில் அது ஓட வேலையே இல்லை.

இன்றைய நிலையையும் பதிவு செய்ய வேண்டும். 1,60,000 கி.மீ.யை ஒட்டி ஆயில் குறையத் தொடங்கியது. இப்போது 2,500 கி.மீ.க்கு ஒரு லிட்டர். காலையில் எடுத்தவுடன் ஒரு கணம் நீலப்புகை வந்து மறைகிறது, ஓட்டத்தில் வருவதில்லை. ஆகவே பிஸ்டன் ரிங்கைவிட வால்வ் சீல்கள் இறுகிப்போனதற்கே வாய்ப்பு அதிகம் என்கிறார் பாலக்கரை மெக்கானிக். கம்ப்ரஷன் 160-ஐ ஒட்டி நான்கிலும் சமமாகவே இருக்கிறது. ஆண்டுகளாகப் பெட்ரோல் கலந்து நீர்த்த ஆயிலில் ஓடியது இதற்கு எவ்வளவு காரணம் என்று பிரித்தறிய வழியில்லை. வால்வ் சீல் மாற்ற ரூ. 14,000 கேட்கிறார், திறந்த பிறகு ரிங்கும் போயிருந்தால் நாற்பதாயிரத்தைத் தாண்டும். ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடும் வண்டிக்கு ஐந்து லிட்டர் ஆயில் ஊற்றினால் ரூ. 2,250தான் ஆகிறது. எரியும் ஆயில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பது மட்டுமே எதிர்வாதம். கடைசிப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.19 சதவீதம் காட்டியது. இந்தக் காருக்கு வரம்பு 0.3. அந்த எண் 0.25-ஐத் தாண்டும்வரை ஆயில் ஊற்றி ஓட்டுவது, தாண்டினால் பழுது பார்க்காமல் விற்றுவிடுவது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த சோதனை 2026 ஜூனில். அதுவரை டிக்கியில் ஒரு லிட்டர் ஆயில் கேன் இருக்கும்.